வாசலுக்கு ஒரு பெயர்

துபாயிலிருந்து லெப்பைக்குடிக்காட்டுக்கு கவுஸ் ஆசையாகக் கொண்டுவந்த சின்ன லேசர் மெசின், மெல்லிய பலகையில் எழுத்துகளை ஊடுருவ வெட்டும். புது வீட்டு வாசலில் மாட்ட, தன் பெயரையும் மனைவி ஜைனம்பு பெயரையும் தனித்தனிப் பலகையில் வெட்டினான்.

விருந்தாளிகள் வரும் நேரத்தில் ஜைனம்புவிடம் ஒரு பலகையை நீட்டினான். அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"கண்ணாடியில பாக்குற மாதிரி பேரு இடம் வலமா மாறி வெட்டியிருக்கு புள்ள. மெசினு சரியில்ல."

ஜைனம்பு பலகையின் பின்பக்கத்தை முன்னால் திருப்பிப் பிடித்தாள். அவள் பெயர் நேராகத் தெரிந்தது.

"இதுக்காங்க இம்புட்டுக் கவலை? உங்க பேரு எங்க?"

கவுஸ் தலையைச் சொறிந்தான்.

"அதுவும் இப்படித்தான் வந்துச்சு. கோவத்துல அத பிரியாணி அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்."