ஆணியில் தொங்கும் சாவி

ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. துணிமணியெல்லாம் உள்ளே இருக்க, பீரோ பூட்டிக் கிடக்கிறது. மனைவி தலையணைகளை உதறி உதறிச் சாவி தேடுகிறாள். கணவரோ தரையில் சம்மணமிட்டு அந்தப் படுக்கையறையையே நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறார். கட்டில் மேல் விழும் ஜன்னல் வெளிச்சத்தை முடிக்காமல் எழுந்திருப்பதாக இல்லை. தேடி அலுத்தவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். படத்தில், கதவோரத்து ஆணியில், சாவிக்கொத்து தொங்குகிறது. ஓடிப்போய்ப் பார்க்கிறாள், ஆணி மொட்டையாக நிற்கிறது. “ஏங்க, இங்க இல்லையே?” “வெறும் ஆணி பாக்க நல்லால்ல. அதான் ஒரு சாவிய மாட்டி விட்டேன்.” “எனக்கு வாயில நல்லா வருது,” என்று திரும்புகிறவளின் கண், மெல்லச் சுற்றும் மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க அவர் நாலு மூலையிலும் வைத்திருக்கும் பாரங்களில் போய் நிற்கிறது: கண்ணாடிக் கூடு, தைலப் புட்டி, அவருடைய ஒற்றைச் செருப்பு, சாவிக்கொத்து. சாவியை எடுத்துக்கொள்கிறாள். தாளின் மூலை படபடக்கிறது. அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்கிறார். “ஈரம் காயற வரைக்கும் கைய எடுக்க முடியாது. என் சட்டையையும் நீயே எடுத்து வச்சிடேன்.” “சீக்கிரம் காயட்டும்,” என்று அவள் மின்விசிறியை ஐந்தில் வைக்கிறாள்.