ஓடுதளத்தின் பெயர்

கல்லூரிக் காலத்தில் ஹாக்கி, கால்பந்து, ஓட்டம் எல்லாவற்றிலும் ஞானதிரவியம்தான் முதல். மாணவர் தலைவரும் அவரே. படிப்பு முடிந்தும் கல்லூரியை விட்டுப் போகாமல், முன்னாள் மாணவர் சங்கத்தை இன்றுவரை தோளில் சுமக்கிறார். எப்போதும் அவருக்கு அடுத்தபடியாகவே வந்த பொன்னுதுரைக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். கல்லூரி மைதானத்தின் புது ஓடுதளத்துக்கும் அதைத்தான் வைப்பார்கள் என்று நினைத்தபடியே திறப்பு விழாவுக்குப் போனார்.

திரை விலகியது. கல்வெட்டில் பொன்னுதுரையின் பெயர் இருந்தது.

“என் பேரைத்தான் வைக்கிறதா இருந்தாங்க. நான்தான் உன் பேரைச் சொன்னேன். நீ துரத்தலேன்னா நான் எங்கடா ஓடியிருப்பேன்?” என்று ஞானதிரவியம் அவரை அணைத்துக்கொண்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னுதுரையும் தட்டினார். இதையும் அவன்தான் கொடுக்க வேண்டியிருந்ததா என்று நெஞ்சு கொதித்தது.