மில்லுக்காரர் வீட்டு அரிசி

“இன்ஜினை நிறுத்துங்க மொதலாளி. ஒரு நாயம் கேக்கணும்!”

சத்தியவேடு ரைஸ் மில் வாசலில் முனிகிருஷ்ணன் போட்ட சத்தத்தில், ஊர் மெட்ராஸில் இருக்குமா, ஆந்திராவுக்குப் போகுமா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கப்சிப்.

மில்லுக்காரர் ஆதிநாராயணன் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்தார். “இன்னா முனிகிருஷ்ணா?”

“என் பொஞ்சாதி யசோதாவுக்கு ரெண்டு காலும் வீங்கிப் போச்சு. மில்லு அரிசியை நிறுத்துன்னுட்டாரு திருப்பதி டாக்டரு. சத்தெல்லாம் தவிட்டோட போய்டுதாம். இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“எனக்கு எப்படிப்பா தெரியும்?”

“தெரியாமத்தான் உங்க வீட்டுக்கு மட்டும் கொல்லையில செங்கம்மா நெல்லு குத்திக்கினு கிறாளா? ‘மில்லுக்காரரு வீட்ல மெஷின் அரிசியைத் தொடமாட்டாங்க’ன்னு அவளே சொன்னா. ஊருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணா?”

கொல்லையில் உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆதிநாராயணன் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

முனிகிருஷ்ணனுக்கு அது போதும். குற்றமில்லாதவன் ஏன் வாயை மூடிக்கொள்கிறான்?

இரண்டு பேர் தங்கள் நெல் மூட்டையைத் தூக்கித் திரும்ப வண்டியில் போட்டார்கள். அப்போதும் அவர் பேசவில்லை.

“அண்ணா, கொஞ்சம் உள்ளே வாங்க.” அவர் மனைவி மனோரமா கதவோரம் நின்று கூப்பிட்டாள். முனிகிருஷ்ணன் முறைத்துக்கொண்டே போனான்.

“மெஷின் அரிசி எங்க வயித்துக்கு ஆவலன்னு செங்கம்மாகிட்ட சொன்னது நான்தான். அது பொய்யிண்ணா.”

“பொய்யா? இன்னாத்துக்கு?”

மனோரமா குரலைத் தணித்தாள். “மில்லு வந்ததும் வீடு வீடா அவளுக்கு நெல்லு குடுக்கறதை நிறுத்திட்டாங்க. அப்போ ரெண்டு நாளா அவ அடுப்பு எரியலன்னு ஒரு படி அரிசி கொண்டுபோனேன். ‘நான் இன்னா பிச்சைக்காரியா?’ன்னு திருப்பிக் குடுத்துட்டா. அதான் பொய்யி சொல்லிக் குத்த வெச்சேன். இப்போ இவரு வாசல்ல நிஜத்தைச் சொன்னா அவ காதுல விழும். நாளைக்கு உலக்கையைத் தொடமாட்டா.”

முனிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

கொல்லையில் உலக்கை நின்றது. “யாரு, முனிகிருஷ்ணனா? யசோதாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சிச்சா நைனா?” என்றாள் செங்கம்மா.

அவன் தலை நிமிரவில்லை. நாலு வருஷத்துக்கு முன், மில் திறந்த அன்றைக்கு, மாலை போட்ட மெஷினில் கொட்டிய முதல் மூட்டை அவனுடையது. அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவன் வீட்டு நெல்லைக் குத்தியவள் செங்கம்மா.