முன்வரிசை அணு

பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்து அலமாரியில், முன்வரிசையில் நின்றது பாடத்துக்காகக் கம்பியில் செய்த அணு. நடுவில் ஒரு பாசிமணி, சுற்றிலும் கம்பி வளையங்கள். மத்தியான வெயில் பட்டால் கனவில் மிதக்கிற மாதிரி மெல்லச் சுழலும். திமிருக்கு மட்டும் குறைச்சலில்லை. பின்வரிசை இருட்டில் கிடந்த களிமண் உருண்டையைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு காலத்துல அணுவாம்!" என்று சிரிக்கும்.

ஒருநாள் பாடம் மாறியது. அணு மேகம் மாதிரி என்றார்கள். டீச்சர் பஞ்சில் ஓர் அணு செய்து முன்னால் வைத்தார். கம்பியைப் பின்னால் தள்ளினார்.

"இனி நான்தான் அணு," என்றது பஞ்சு, வெயிலில் சொக்கியபடி.

கம்பிக்கு அழுகை முட்டியது. "அண்ணே, இங்க எனக்கு இடம் இருக்கா?"

"இருக்குடா. கொஞ்சம் ஒட்டி உட்காரு," என்றது உருண்டை. "நாளைக்குப் பஞ்சுக்கும் இடம் வேணும்ல?"