ஏழாவதின் பக்க எண்

இந்த ஜர்னல்காரனுக்கு முற்றுப்புள்ளியே ஆகாது.

போன ஜர்னல்காரனுக்கு முற்றுப்புள்ளி இல்லாமல் ஆகாது. கட்டுரை ஆசிரியரின் முதலெழுத்துக்குப் பின்னால் கண்டிப்பாக ஒன்று வேண்டும் என்றான். உட்கார்ந்து வைத்தேன். கட்டுரை திரும்பி வந்ததுதான் மிச்சம். இவன் அத்தனையையும் எடுக்கச் சொல்கிறான்.

ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளியாம். அரைப்புள்ளிக்குப் பின் இடைவெளி கூடாதாம். ஆறு ஆசிரியர்கள் வரை பெயர் போடலாமாம், அதற்கு மேல் வந்தவர்களை எல்லாம் ‘பிறர்’ என்று மொத்தமாக அள்ளிக் கொட்டிவிட வேண்டுமாம்.

கட்டுரை என் தங்கையுடையது. அவள் டாக்டர். நான் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். அதனால் கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் என் தலையில் விடிந்தது.

“இப்போ உனக்குத்தான் நேரம் இருக்கேண்ணே” என்று லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனாள்.

நேரம் இருக்கிறது. கைதான் ஒன்று குறைகிறது. வலது கையை மடக்கக் கூடாது என்று அவளுடைய உத்தரவு. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துகிறேன். மேசை வேறு சக்கரம் வைத்தது. கொஞ்சம் அழுத்தினால் நகர்ந்துவிடுகிறது.

வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு நோய். இதுவரை பதினாறு பேருக்குத்தான் வந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு கட்டுரை, ஆக மேற்கோள் பதினாறு. தங்கை எழுதியிருப்பது பதினேழாவது ஆளைப் பற்றி.

ஜர்னல்காரன் பதினைந்துக்கு மேல் மேற்கோள் ஏற்க மாட்டான். ஒன்றை எடுத்தாக வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் கட்டுரை மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

இதில் ஏழாவது மேற்கோளுக்குப் பக்க எண் இல்லை.

எப்போதோ நின்றுபோன பழைய பத்திரிகை அது. அதை மேற்கோள் காட்டிய பெரிய மனிதர்களில் ஒருவர் பக்கம் 112 என்கிறார். இன்னொருவர் 211 என்கிறார். மற்றவர்கள் கமுக்கமாக விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் திரையில் ஒரு சிவப்புக் கோடு என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறது.

தங்கைக்குப் போன் செய்து புலம்பினேன்.

“ஏழாவதையே எடுத்துடுண்ணே. அத யாரும் கண்ணால பாத்ததில்ல, ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்காங்க. உள்ள அதப் பத்தி ஒரு வரி வரும், அதையும் சேத்து எடுத்துடு.”

அந்த வரி எனக்கு மனப்பாடம். பதினாறு பேரில் பிழைத்ததாகத் தெரிபவர் ஒருவரே என்று சொல்கிற வரி. அதன் கடைசியில் பொடியாக ஒரு ஏழு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்க எண் கிடைக்கவில்லை என்பதற்காகப் பிழைத்த ஒரு மனிதனையும் சாகடிப்பதா?

காலையிலிருந்து நூலகம் நூலகமாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு நூலகம் உறுப்பினர் எண் கேட்டது. இன்னொன்று, உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம் என்று தானாகவே ஒரு பதிலைத் தட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஒரு மகானுபாவர் மட்டும் அக்கறையாக எழுதியிருந்தார்: கட்டுரையின் பக்க எண்ணைக் குறிப்பிட்டால் உடனே தேடித் தருகிறோம்.

லேப்டாப்பைத் தூக்கி எறிந்திருப்பேன். ஒரு கையால் முடியவில்லை.

நாலு மணி தாண்டிய பிறகு, எங்கோ இருக்கிற ஒரு மருத்துவக் கல்லூரி நூலகரிடமிருந்து ஒரு படம் வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. பழுப்பேறிய தாளைக் கோணலாகப் பிடித்து எடுத்திருந்தார், ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.

பக்கம் 121.

அந்தக் கட்டைவிரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

பக்கத்தைப் பெரிதாக்கிக் கடைசிப் பத்தியைப் படித்தேன். நோயாளி ஒரு தச்சர். ஆறு வருடம் கழித்தும் நலமாக இருந்திருக்கிறார். அதற்கடுத்த வருடம் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது, வேலை கெடுகிறது, இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று மறுத்துவிட்டாராம்.

அந்த ஆளை எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

121 என்று குத்தினேன். சிவப்புக் கோடு ஒழிந்தது. பிறகு பட்டியலை மேலும் கீழும் பார்த்துப் பதின்மூன்றாவது மேற்கோளை அழித்தேன்.

ஐந்து மணி ஆகப் போகும்போது, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தங்கை ஓடி வந்தாள்.

“ஏழாவத எடுத்துட்டியா?”

“இல்ல, பதிமூணு. தலைப்பிலேயே ஆளக் கொன்னுட்டாங்க.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தவளிடம் படத்தைக் காட்டினேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். முடித்துவிட்டு, மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள். அப்படி ஒரு தச்சர் நிஜமாகவே இருந்தார் என்பதை இப்போதுதான் நம்புகிறாள் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காகக் கட்டுரையின் தொடக்கத்தைக் காட்டினேன். ‘நோயாளி, ஆண், வயது நாற்பத்தாறு’ என்று இருந்தது.

“இங்க ஒரு பிழை இருக்கு பாரு. போன வாரமே எனக்கு நாப்பத்தேழு ஆயிடுச்சு.”

அவள் என் வலது கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்து, அதில் இறங்கிக்கொண்டிருந்த மருந்துக் குழாயின் முறுக்கை எடுத்துவிட்டாள்.

“அட்மிட் ஆனப்போ இருந்த வயசத்தாண்ணே போடணும்” என்றாள். “நாப்பத்தேழு, அம்பதெல்லாம் அடுத்தடுத்த கட்டுரையில போட்டுக்கலாம்.”