பதின்மூன்றாவது குப்பி

சங்கரன்கோவில் நாய்களுக்கு ரத்தபேதி கொண்டுவந்தது எந்த வைரஸ், அதன் மரபணு எந்த வகை என்று பார்க்க, ஆய்வகம் பன்னிரண்டு குப்பிகள் அனுப்பியிருந்தது. கிளினிக் உதவியாளர் ஜெபிதா பன்னிரண்டு நாய்களிடம் மாதிரி எடுத்து, தன் கையாலேயே லேபிள் எழுதி ஒட்டினாள்.

பதின்மூன்றாவதாக, பனவடலிசத்திரம் காளிராஜ் கறுப்புக் குட்டியொன்றைத் துண்டில் பொதிந்து வந்தார்.

"குப்பி தீந்துட்டு, நாளைக்கு வாரும்" என்று டாக்டர் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். திரும்பிப் போகும் பஸ்ஸிலேயே குட்டி செத்துவிட்டதாக மறுநாள் காளிராஜ் போனில் சொன்னார்.

ஆய்வகத்திலிருந்து பதின்மூன்று முடிவுகள் வந்தன. கடைசி வரியில், பனவடலிசத்திரம், கறுப்புக் குட்டி, வைரஸ் உண்டு, மற்றவற்றில் இருந்த அதே வகை என்றிருந்தது. அடுத்த திங்களன்று அதே குட்டிக்கு இன்னொரு முடிவு: வைரஸ் குறைந்திருக்கிறது.

ஜெபிதா போன் போட்டாள். "நீங்கதானே மேடம் வாராவாரம் அனுப்புறீங்க? லேபிள்ல உங்க கையெழுத்துதான் இருக்கு" என்றார்கள்.

மூன்றாம் திங்கள், வைரஸ் இல்லை என்று வந்தது.

டாக்டருக்குச் சிரிப்புத் தாளவில்லை. "பாத்தியா, தானாவே சரியாயிட்டு. அன்னைக்குத் திருப்பி அனுப்புனதுல என்ன குறைஞ்சு போச்சு?"

ஜெபிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்த பொறவு சரியாகி என்ன சார் புண்ணியம்? அன்னைக்கு ஒரு ஊசி போட்டிருந்தா உங்க கை தேஞ்சா போயிருக்கும்?"

போய்க் கதவை விரியத் திறந்தாள். வெளியே வெயில் மட்டும் இருந்தது. கண்ணாடியின் அடிப்பக்கத்தில், ஒரு சின்ன மூக்கு ஒட்டி நின்ற ஈரம் இன்னும் காயவில்லை.