பத்தில் ஒரு வீடு

"பத்து வீட்டுக்கு ஒரு வீடுதானுங்க எடுப்போம். இந்த லைன்ல உங்க வீடு வந்திருக்குதுங்க ஐயா" என்றாள் வந்தவள். கழுத்தில் அட்டை, கையில் நோட்டு, செருப்பெல்லாம் சேறு. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பாம்.

அம்புரோஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் அவர் வீடு நாலாவது. முதல் மூன்று வாசலை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்துக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாததையெல்லாம் கணக்கெடுக்க அனுப்புகிறான் பார் என்று நினைத்தபடி வெற்றிலையைத் துப்பினார்.

"பையன் என்ன பண்றாருங்க?"

"ஜஸ்டஸா? டீ ஃபேக்டரியில பர்மனென்ட்."

வெலிங்டன் பெண் வீட்டாரிடம் சொன்ன அதே பொய். ஆள் குறைப்பில் மகனை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. வயது முப்பத்தாறு. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் அவனுக்கு வேறு பெண் கிடைக்காது.

"போன ஏழு நாள்ல ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தாலும் வேலையில இருக்கறதாத்தானுங்க எழுதுவோம்."

"ஒரு மணி நேரமா? கிறிஸ்துமஸுக்கு ஒருக்கா கோயிலுக்கு வர்றவனைப் பங்குப் பேரவையில சேத்துக்குவாரா ஃபாதர்? இதுக்குத்தான் காலேஜுல படிச்சியாக்கும் அம்மிணி?"

அவள் கோபப்படவில்லை. "இந்த மலையில எல்லாருமே வேலை இருக்குன்னுதானுங்க சொல்றாங்க. அப்படியே எழுதினா, நீலகிரியில நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை, கோயமுத்தூருல அம்பதுன்னு வரும். புது ஃபேக்டரி எங்கீங்க போகும்? வேலை இல்லாத ஊருக்குத்தானே?"

அம்புரோஸ் தாடையைச் சொறிந்தார். கல்யாணம் முடிந்தாலும் வருகிறவளுக்குச் சோறு போட வேலை வேண்டுமே.

"பேரெல்லாம் எழுதுவியா?"

"எண்ணிக்கை மட்டுந்தானுங்க."

"அப்ப எழுதிக்க. எட்டு மாசமா வேலை இல்ல. ஒரு மணி நேரமும் இல்ல, அரை மணி நேரமும் இல்ல. பத்து மணி வரைக்கும் ஊட்டுக்குள்ளாற தூக்கம், எந்திரிச்சா செல்போனு."

"வேற வேலை தேடறாருங்களா?"

"தேடறானா! அவன் சட்டையையே நாந்தான் தேடிக் குடுக்கோணும்."

ஒருமுறை உண்மை பேசியதும் அவருக்கு வாய் நிற்கவில்லை. "இன்னொரு கூத்தைக் கேளு. வெலிங்டன்ல மிலிட்டரி ஆபீஸ் குடும்பம். பர்மனென்டுன்னு நான் சொன்னேன், அப்படியே நம்பிப் பொண்ணு குடுக்கறேங்குதுங்க. ஃபேக்டரிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கத் துப்பில்ல. படிச்ச முட்டாளுங்க! உன்னைய மாதிரிதான், நாலையும் பத்தையும் ஒண்ணுங்குறவங்க" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அவள் பேனாவைத் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு அத்தை நான்தானுங்க."